வேலப்பன் மை போடாத வெள்ளிக்கிழமை

கல்மண்டபம் பகுதியில் யார் வீட்டில் எது தொலைந்தாலும் சரி, மூக்குத்தியோ ஆட்டுக்குட்டியோ, வாயில் அடித்துக்கொண்டு முதலில் ஓடி வருவது வேலப்பனிடம்தான். செவ்வாயும் வெள்ளியும் அவன் வாசலில் கூட்டம் நிற்கும். என் சாமி உன் சாமி என்ற பேச்செல்லாம் பொருள் தொலையாத வரைக்கும்தான். ஞாயிற்றுக்கிழமை மாதாகோயிலில் முதல் வரிசையில் முழங்காலிட்டவர்கள், செவ்வாய்க்கிழமை இவன் வாசலில் தெரிந்தவர் யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றதுண்டு.

வேலப்பன் மை போட்டுப் பார்க்கிறவன். அப்பன் விட்டுப்போன கொம்புச் சிமிழில் கரேலென்று மை இருக்கும். அதில் ஒரு பொட்டு எடுத்து வெற்றிலையில் வட்டமாகத் தடவுவான். தொலைத்தவர் வீட்டு ஆட்களைச் சுற்றி உட்கார வைத்து, இலையை மூக்கருகே பிடித்து உற்றுப் பார்ப்பான். முதலில் வெறும் இருட்டு. கொஞ்ச நேரத்தில் அந்த இருட்டு அசையும். அப்புறம் அதற்குள்ளிருந்து ஒரு முகமோ ஓர் இடமோ மெல்ல எழும்பி வரும். அதை அவன் வாய்விட்டுச் சொல்வான், அவ்வளவுதான்.

ஏமாற்றுக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள், எனக்குக் கெட்ட கோபம் வரும். தெரியாததைத் தெரிந்த மாதிரி அவன் ஒரு நாளும் சொன்னதில்லை. ஒன்றும் எழும்பாத நாளில் “இன்னிக்கி மை பேசல, போய்ட்டு வாங்க” என்று வெற்றிலை பாக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுவான். தான் பார்க்கவில்லை, மைதான் காட்டுகிறது என்று மனதார நம்பியவன் அவன். ஆனால் அவனிடம் ஒரு பழக்கம் உண்டு. பேசும்போது ஆளின் முகத்தைப் பார்க்கமாட்டான். காலைப் பார்ப்பான், வேட்டிக் கரையைப் பார்ப்பான், வீட்டுக்குள் நுழைந்தால் மூலை முடுக்கெல்லாம் கண் மேயும். “இன்னாய்யா இது, ஜப்திக்கு வந்தவன் மாரி பாக்கறே” என்று பெண்சாதியே திட்டுவாள்.

மற்ற நாளெல்லாம் அவனுக்கு ஜாபர் பாயின் கொட்டகையில் பீடி சுற்றுகிற வேலை. மடியில் முறம், முறத்தில் இலையும் தூளும் நூலும், காலை முதல் குனிந்த தலை நிமிராது. வாய் மூடிக் கிடந்தால் கை ஓடாது என்று அங்கே ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். படிக்கத் தெரிந்த கமாலுதீன் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து எல்லாருக்குமாகச் சத்தம் போட்டுப் படிப்பான். அவன் சுற்ற வேண்டிய பீடியை மற்றவர்கள் பங்கு போட்டுச் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள். காலையில் பேப்பர், கொரியாவில் சண்டை, துறைமுகத்தில் எந்தக் கப்பல், அரிசி ரேஷன் எப்போது. சாப்பாட்டுக்குப் பிறகு கதை. அழுகிற கட்டத்தில் கமாலுதீனே அழுதுவிடுவான்; அதைப் பார்த்துக் கொட்டகையே சிரிக்கும்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். ஒரு மத்தியானம் கமாலுதீன் ஒரு பழைய பத்திரிகையை எடுத்தான். அதில் ஒரு துப்பறியும் கதை. கதைக்கு முன்னால் அரைப் பக்கம் ஒரு விளக்கம். துப்பறிகிறவன் கதைக்குள் வந்து நூறு வருஷந்தான் ஆகிறதாம். அதற்கு முன்னால் கதைகளில் திருடன் அகப்பட்டால், கனவில் சாமி வந்து சொல்லியிருக்கும், அல்லது செத்தவன் ஆவி வந்து காட்டிக் கொடுத்திருக்கும், இல்லாவிட்டால் அதிர்ஷ்டம். அமெரிக்காவில் ஒருவன்தான் முதன்முதலாக, ஒரு மனுஷன் உட்கார்ந்து யோசித்தே கண்டுபிடிக்கிற மாதிரி எழுதினானாம். அதைவிட முக்கியம், கண்டுபிடித்தவன் கடைசியில் எல்லாரையும் உட்கார வைத்து, நான் இதைப் பார்த்தேன், அதனால் இப்படி நினைத்தேன், அதனால் அங்கே போனேன் என்று படி படியாகச் சொல்கிறான்.

“சாமி இல்லாம, பேய் இல்லாமயா?” என்று யாரோ கேட்டார்கள்.

“ஒண்ணும் இல்லப்பா. மண்டதான்” என்று கமாலுதீன் தன் நெற்றியைத் தட்டிக் காட்டிவிட்டுக் கதைக்குள் போனான்.

பூட்டிய ஓர் அறை. உயரத்தில் மாட்டிய படத்துக்குப் பின்னால் வைத்திருந்த வைரம் காணோம். அந்த அறையில் நாற்காலிகளெல்லாம் தூசி படிந்து கிடக்க, ஒன்றில் மட்டும் தூசி இல்லை. துப்பறிகிறவன் அதையே பார்க்கிறான். அதை மட்டும் ஏன் துடைத்தார்கள்? அதில் பட்ட கால்தடத்தை அழிக்க. நாற்காலியில் ஏன் கால் பட்டது? ஏறி நின்றதால். ஏன் ஏறி நின்றான்? எட்டவில்லை. அந்த வீட்டில் கை எட்டாத ஆள் ஒருத்தன்தான்.

வேலப்பன் கையில் இலை அப்படியே நின்றுவிட்டது. “நிறுத்து கமாலு! அத்த இன்னொரு தபா படி.”

“இன்னா மாமு, புரியலியா?”

“புரிஞ்சதாலதாம்ப்பா கேக்கறேன். படி.”

கமாலுதீன் மறுபடி படித்தான். வேலப்பனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போயிற்று. ஏன் என்று கேட்டால், கொருக்குப்பேட்டை அப்பாவு வீட்டுக் குத்துவிளக்கு அவன் நினைவுக்கு வந்துவிட்டது. சில வருஷத்துக்கு முன்னால் அந்த விளக்கு தொலைந்தபோது, மையில் ஒரு கிணறு தெரிந்தது. கிணறு என்றான், இறங்கிப் பார்த்தார்கள், விளக்கு கிடைத்தது, ஊரே கும்பிட்டது. இப்போது யோசித்தால்? அன்றைக்கு அந்த வீட்டுக்குள் நுழையும்போதே கிணற்றங்கரையில் வாளிக் கயிறு நனைந்திருந்ததை அவன் பார்த்தானே! அவர்களுக்குத் தெருக் குழாயில் தண்ணீர். யாரும் இறைக்காத கிணற்றில் கயிறு ஏன் நனைகிறது? கண் பார்த்தது, மனசு எடுத்து வைத்துக்கொண்டது, அப்புறம் மையில் கிணறு எழும்பியது.

“அப்போ மையில தெரிஞ்சது நான்தானா?” என்று அவன் முணுமுணுத்தது பக்கத்தில் இருந்தவனுக்குக்கூடக் கேட்கவில்லை.

அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவன் பேயறைந்தவன் மாதிரி நடந்தான். எத்தனையோ கோட்டையைப் பிடித்துவிட்டு, பிடித்தது தன் கைதான் என்று தெரியாமல் இருந்திருக்கிறான் மனுஷன். பயமாகவும் இருந்தது, சொல்லமுடியாத ஆனந்தமாகவும் இருந்தது. கடல் தாண்டி எங்கேயோ ஒருத்தன், நூறு வருஷத்துக்கு முன்னால், இதையே பார்த்திருக்கிறான்! முகம் தெரியாத அந்த வெள்ளைக்காரனை நினைத்து நடுத்தெருவில் கையெடுத்துக் கும்பிட்டான். எதிரே வந்த மீன்காரி தன்னைத்தான் கும்பிடுகிறான் என்று பயந்து விலகிப் போனாள்.

ஆனாலும் சிமிழை அவன் தூக்கி எறியவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமையும் மை போட்டான். எப்படிச் சொல்வது, யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை, பாவம்.

மார்கழி பிறந்தது. ஒரு வியாழக்கிழமை கொட்டகை வாசலில் தலையில் முக்காட்டோடு மரியம் வந்து நின்றாள். தெருக்கோடி மளிகை மண்டி தவசிமுத்து நாடார் வீட்டில் மிளகாய்க்குக் காம்பு கிள்ளி, வீட்டு வேலையும் பார்க்கிறவள். புருஷன் கப்பலில் போனவன் போனவன்தான். இரண்டு பிள்ளைகளை அந்த இரண்டு கையாலேயே வளர்க்கிறாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

“அண்ணாத்தே, நாடார் வூட்டம்மா சங்கிலி காணாப் போச்சு. நான் எடுத்தேன்றாங்க. திருவொத்தியூர்ல ஒரு மைக்காரரு கிட்ட போயி பாத்துட்டு வந்துகிறாங்க. முக்காடு போட்ட பொம்பளை எடுத்தான்னு மையில தெரியுதாம். நம்ம தெருவுல எவளும் இப்ப என்ன வாசப்படி ஏத்தமாட்டேன்றா. நீ ஒரு தபா மை போட்டு நான் இல்லேன்னு சொல்லு அண்ணாத்தே!”

கொட்டகையே வேலப்பனைப் பார்த்தது. ஜாபர் பாய், “போப்பா, நம்ம பொண்ணு. பாத்து சொல்லிட்டு வா” என்றார்.

கமாலுதீன்தான் தலையைச் சொறிந்தான். “அந்த மை இவதான்னு சொல்லுது. மாமு மை இவ இல்லேன்னு சொல்லும். ரெண்டு மையும் சண்டை போட்டா யாருப்பா தீர்ப்பு சொல்றது?”

விளையாட்டாகத்தான் கேட்டான். வேலப்பனுக்கோ அது நெஞ்சில் வந்து இடித்தது. அது உண்மைதானே? அவன் வார்த்தையை நம்புகிறவன் மரியத்தை விடுவான். திருவொற்றியூர் மையை நம்புகிறவன் விடமாட்டான். இவள் ஆயுசுக்கும் பாதித் தெருவுக்குத் திருடிதான். சோறு போடுகிற வேலை இவளுக்குப் பிறத்தியார் வீட்டுக்குள் நுழைவதுதான். பாதி வாசல் மூடினால் பிள்ளைகள் பாதி வயிறு.

“நாளைக்கி வரேன்” என்றான்.

வெள்ளிக்கிழமை காலையில் நாடார் வீட்டில் தெருவே கூடிவிட்டது. முன்பக்கம் மண்டி, பின்பக்கம் வீடு. கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடித்து முடித்த வீடு பளிச்சென்று இருந்தது. தட்டில் வெற்றிலையை வைத்துக்கொண்டு நாடார் மனைவி ஜெயக்கொடி காத்திருந்தாள். கெட்டவள் இல்லை அவள். ஆனால் அம்மா வீட்டில் போட்ட சங்கிலி. தொலைந்த நாளிலிருந்து சோறு இறங்கவில்லை அவளுக்கு.

“உக்காருங்க அண்ணாச்சி. மையைப் போட்டு இவ எங்க ஒளிச்சு வச்சிருக்கான்னு மட்டும் சொல்லிருங்க. நான் போலீசுக்கெல்லாம் போவமாட்டேன். சங்கிலி வந்தாப் போதும்.”

வேலப்பன் சிமிழை மடியிலிருந்து எடுத்தான். திறக்கவில்லை. பக்கத்தில் வைத்துவிட்டு, “மொதல்லேருந்து சொல்லும்மா. அன்னிக்கி இன்னா நடந்துச்சு?” என்றான்.

“நான் சொல்லணுமா? அதான் மையில தெரியுமே?”

“எனுக்கு இன்னிக்கி காதுல கேக்கணும். சொல்லு.”

இது என்ன புது வழக்கம் என்று கூட்டம் முணுமுணுத்தது. ஜெயக்கொடி சொன்னாள். வெள்ளையடிக்க ஆள் வைக்காமல் தானே அடித்தாளாம். சுண்ணாம்பு படக்கூடாதென்று சங்கிலியைக் கழற்றிக் கண்ணாடிக்கு மேலே இருந்த ஆணியில் மாட்டினாளாம். கண்ணாடியை இறக்கி வெளியே வைத்தது மரியம். அப்போது சங்கிலி ஆணியில் இருந்தது. அடித்து முடித்துத் தலை முழுகிவிட்டு வந்து பார்த்தால் வெறும் ஆணி. வீட்டில் வேறு ஈ காக்கை இல்லை. பிறகென்ன?

“அந்தச் செவுத்த எப்ப அடிச்சே?”

“அப்பந்தான், கண்ணாடிய எடுத்த உடனே. சங்கிலி ஞாபகமே வரல எனக்கு.”

“ஆணிக்கு எட்டும், செவுத்து உச்சிக்கு உன் கை எட்டாதேம்மா.”

“கம்புல நார் மட்டையக் கட்டி அடிச்சேன். சுண்ணாம்பு கண்ணுல விழும்லா? சேலையால தலையோட மூஞ்சிய மூடிக்கிட்டு, அண்ணாந்து பாராமத்தான் அடிச்சேன்.”

வேலப்பனுக்கு மறுபடி அந்தச் சிலிர்ப்பு வந்தது. எல்லாருக்கும் ஒரே கேள்வி, யார் எடுத்தது? திருவொற்றியூர் மைக்காரரும் அதைத்தான் கேட்டார், இத்தனை வருஷமாக இவனும் மையிடம் அதைத்தான் கேட்டான். யாராவது எடுத்தார்களா என்று ஒருத்தரும் கேட்கவில்லையே!

எழுந்து சுவரண்டை போனான். ஆணியைப் பார்த்தான். ஆணியும் வெள்ளையாயிருந்தது. முகத்தைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பார்த்தான். ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. அடேயப்பா! ஆணிக்கு இந்தப் பக்கம் சுண்ணாம்பு வழவழவென்று இருக்கிறது. ஆணியில் தொடங்கி அந்தப் பக்கம் முழுக்க, மட்டை ஏறி இறங்கிய தடத்தோடு தடமாக, ஊசியால் கீறினாற்போல ஒரு கோடு. ஒவ்வொரு இழுப்பிலும் அந்தக் கீறல் கூடவே ஏறுகிறது, கூடவே இறங்குகிறது. அவன் மூச்சு விடாமல் சுவரோடு நகர்ந்தான். மூலை திரும்பியது, கீறலும் திரும்பியது. பரண் அடியில் நுழைந்தது, கீறலும் நுழைந்தது. கூட்டம் அவனோடு நகர்ந்தது. புழக்கடைக் கதவு வரைக்கும் கோடு போய், சுவர் முடிந்த இடத்தில் அதுவும் முடிந்தது.

“கடைசியா அடிச்சது இங்கதானே?”

“ஆமா” என்றாள் ஜெயக்கொடி. அவள் குரல் மாறிப்போயிருந்தது.

“அந்த மட்டைய இன்னா பண்ணே?”

“அசதியில கழுவல. பானையோட அப்படியே...” என்று அவள் சொல்லி முடிக்கவில்லை, புழக்கடைக்கு ஓடினாள். சுவரோரம் சுண்ணாம்புப் பானை இருந்தது. அதில் மட்டை கல்லாகக் காய்ந்து ஒட்டிக்கிடந்தது. வேலப்பன் பானையை உடைத்து, மட்டையை அம்மியில் வைத்துக் குழவியால் தட்டினான். வெள்ளைக் கட்டி பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. நாருக்குள் கொக்கி மாட்டி, சுருண்டு, மாவு பூசினாற்போல வெளியே வந்தது சங்கிலி.

“ஏசுவே!” என்று ஜெயக்கொடி தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். மரியம் அழவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்புறம் என்ன நடந்தது என்று நினைக்கிறீர்கள்? தெருவே ஆர்ப்பரித்தது. “வேலப்பன் மைன்னா மைதான்! திருவொத்தியூர் மை டூப்பு!” என்று ஒருவன் கத்தினான். “அதுவும் சரியாத்தான்யா சொல்லிகீது, முக்காடு போட்ட பொம்பளைன்னுச்சே, இந்தம்மாதானே மூஞ்ச மூடிக்கினு இருந்துச்சு!” என்றான் இன்னொருவன். தவசிமுத்து நாடார் வேலப்பன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “என்ன சக்தி வே உம்ம மைக்கு!” என்றார்.

“யோவ், சிமிழத் தொறக்கவே இல்லியே நானு!”

“தொறக்காமலே பாத்துட்டீரே, அதத்தான் சொல்லுதேன்!”

வேலப்பன் திகைத்து நின்றான். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன என்று தோன்றியது. எண்ணூர் வரைக்கும் பேர் பரவும். அப்போதுதான் தூணோரம் நின்ற மரியத்தின் முகம் கண்ணில் பட்டது. அவள் ஒருத்திதான் அந்தக் கூட்டத்தில் சந்தோஷப்படவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. மை காப்பாற்றினால், நாளைக்கு வேறொரு மை வந்து கவிழ்க்கும்.

வேலப்பனுக்கு வந்ததே கோபம்! தட்டிலிருந்த வெற்றிலையை எடுத்தான். மை தடவ வைத்திருந்த இலை. மற்றவர்கள் கை படக்கூடாத இலை. காம்பைக் கிள்ளினான், பாக்கை வைத்து மடித்தான், வாயில் போட்டு வேகவேகமாக மென்றான். கூட்டம் வாயைப் பிளந்தது. ஒரு கிழவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“மையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல” என்றான் மென்றுகொண்டே. “கண்ணால பாத்தேன், மண்டையால நெனச்சேன். நீங்களும் பாருங்க. ஒவ்வொருத்தரா வாங்க. ஆணிலேர்ந்து விரல வையுங்க. பாக்காம ஒருத்தனும் வூட்டுக்குப் போவக்கூடாது.”

ஒருவரையும் விடவில்லை அவன். நாடார் வைத்தார், பால்காரன் வைத்தான், கன்னத்தில் போட்டுக்கொண்ட கிழவியும் வைத்தாள். ஆணியில் தொடங்கிய விரல் கீறலைத் தொட்டுத் தொட்டு மூலை திரும்பிப் புழக்கடைக் கதவு வரைக்கும் போயிற்று. போகப் போக ஒவ்வொரு முகமும் மாறுவதை வேலப்பன் பார்த்துக்கொண்டே நின்றான். மையில் முகம் எழும்புவதைவிட அதிசயமாக இருந்தது அது. “அட, இவ்ளோதானா!” என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். சிலருக்கு ஏமாற்றந்தான். ஆனால் அப்புறம் ஒருவரும் மையின் பேரை எடுக்கவில்லை.

கடைசியில் ஜெயக்கொடி வந்தாள். விரலைக் கோட்டோடு ஓட்டிக்கொண்டு போய்ப் புழக்கடைக் கதவில் நின்றாள். அங்கே எதிரே மரியம் நின்றிருந்தாள்.

“நாந்தான் எடுத்திருக்கேன் மரியம்” என்றாள் ஜெயக்கொடி. “என் கையாலயே எடுத்துட்டு, உன் தலையில போட்டுட்டேனேடி.” சொல்லிவிட்டு அவள் அழுதாள். அப்போதுதான் மரியமும் அழுதாள்.

வேலப்பன் தெருவில் இறங்கி நடந்தான். இனிமேல் செவ்வாயும் வெள்ளியும் வாசலில் கூட்டம் நிற்காது என்று அவனுக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரிந்துவிட்ட வித்தைக்கு யார் வெற்றிலை பாக்கு வைப்பார்கள்? பின்னாலேயே ஓடிவந்த மரியம், “அண்ணாத்தே, சித்த நில்லு” என்றாள்.

“கொட்டாய்ல வச்சு உன்ன மை போடச் சொல்லிக் கேட்டேனே, அப்ப நீ போட்டு, நான் இல்லேன்னு சொல்லியிருந்தியானா, உன்ன நம்பறவங்க மட்டுந்தான் என்ன நம்பியிருப்பாங்க.”

“ஆமா.”

“இப்ப உன்ன நம்பாதவனும் என்ன நம்பித்தானே அண்ணாத்தே ஆவணும்?”

வேலப்பன் தலையை ஆட்டினான். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தெரு நடுவில், எல்லா வாசலும் பார்க்க, நிமிர்ந்து நடந்து போனாள்.